திருகோணமலையில் ஒரு பழைய வீடு: மொழி படிப்பவருக்கு அங்கே என்ன வேலை?

பெப்ரவரி 4 – ஒரு வாசகரின் கேள்வி

நான் தமிழ் சிறப்புப் பட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வரலாற்றுச் சிறப்புள்ள ஒரு வீட்டைப் பார்த்து, அதை மொழி ஆய்வாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வீடு பார்ப்பது வரலாறும் தொல்லியலும் படிக்கிறவர்களின் வேலை. சுவரில் மொழி மாணவருக்கு என்ன இருக்கிறது? பிரெட்ரிக் கோட்டைக்குள் வெல்லெஸ்லி தங்கிய வீட்டைப் படம் எடுத்து, நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பெப்ரவரி 4, இரவு

சரியில்லை. அந்த நாலு பக்கமும் ஏற்கெனவே எல்லாச் சுற்றுலாக் கையேடுகளிலும் இருக்கின்றன. 1800ஆம் ஆண்டின் கடைசியில் ஆர்தர் வெல்லெஸ்லி திருகோணமலைக்கு வந்தார், இங்கே தங்கினார், பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார். இதைத் திருப்பி எழுதுவதற்குத் தமிழ் சிறப்புப் பட்டம் எதற்கு?

வீட்டைச் சுற்றி இருக்கிறவர்களின் பேச்சைக் கேளுங்கள். கோயிலுக்குப் போகிறவர், கடலை விற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், கூரை மாற்ற வருகிறவர் – இவர்கள் அந்த வீட்டைப் பற்றி எதைச் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் பாடம். நானும் இதே ஊரில் முதுகலைமாணி ஆய்வுக்காக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால் சும்மா புத்தி சொல்லிவிட்டுப் போகப் போவதில்லை. பார்த்ததையும் கேட்டதையும் இங்கேயே எழுதிக்கொண்டு வருகிறேன்.

பெப்ரவரி 6

அந்த வீட்டைக் காட்டி ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி சொன்ன கதையைத் தருகிறேன். பேச்சு வழக்கை எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன், வினை முடிவுகளை மட்டும் கை வைக்காமல் விட்டிருக்கிறேன்.

"பெரிய துரை ஒருவர் இங்கே காய்ச்சலில் படுத்திருந்தாராம். அவர் போக வேண்டிய கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். போன கப்பல் நடுக்கடலில் தாழ்ந்துவிட்டதாம். ஒருவரும் தப்பவில்லையாம். இந்த வீட்டில் படுத்திருந்ததால் துரை தப்பினாராம்."

வரலாறு இப்படி இல்லை. வெல்லெஸ்லி காய்ச்சலில் விழுந்தது பம்பாயில். அவர் ஏறாமல் விட்ட சூசன்னா என்ற கப்பல் செங்கடலில் ஆட்களோடு தாழ்ந்தது என்பது மெய். பம்பாயில் நடந்த காய்ச்சல் எப்படியோ கடல் கடந்து வந்து திருகோணமலை வீட்டில் குடியேறிவிட்டது. வரலாற்று மாணவர் இந்த இடத்தில் 'தவறு' என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நாம் போகக் கூடாது.

அந்த 'ஆம்'களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வினைக்கும் ஒன்று. 'நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், பொறுப்பு என்னுடையதில்லை' என்று அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் கையொப்பம் இட்டுக்கொண்டே வருகிறார்.

அதே மனிதர், அதே பாதையில் நூறு அடி தள்ளி, கோட்டைச் சுவரைக் காட்டிச் சொன்னது இது: "இது எங்கள் கோயில் கல். பறங்கி கோயிலை இடித்தான். இடித்த கல்லைக் கொண்டுவந்து கோட்டை கட்டினான்."

ஒரு 'ஆம்' கூட இல்லை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது 1622இல், கோட்டை கட்டியது 1624இல். வெல்லெஸ்லி வந்தது அதற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பிறகு. காலத்தால் கிட்ட இருப்பதைக் கேள்விப்பட்டதாகவும், எட்ட இருப்பதைக் கண்ணால் கண்டதாகவும் ஒருவர் சொல்கிறார். அவரிடம் இதைச் சுட்டிக்காட்டவில்லை. சுட்டினால் அடுத்த தடவை கவனமாகப் பேசத் தொடங்கிவிடுவார்.

தம்பி, உங்கள் நாலு பக்கத்துக்கு இது போதுமா?

பெப்ரவரி 7

கேள்வி கேட்டவர் தம்பி இல்லை, தங்கை என்று எழுதியிருக்கிறார். நல்லது தங்கச்சி. வீடுகளில் பெண்கள் பேசும் பேச்சை நாம் போனால்தான் கேட்கலாம்.

பெப்ரவரி 9

"பிரான்சினா தூணைப் பற்றி எழுதவில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வீடு அல்ல என்பதால் விட்டேன். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நிற்கும் அந்தத் தூணில் பிரான்சினா வான் ரீட் என்ற பெயரும் 1687ஆம் ஆண்டும் ஒல்லாந்த (டச்சு) மொழியில் வெட்டப்பட்டிருக்கின்றன. தூண் பழைய கோயிலுடையது. காதலன் கைவிட்டுக் கப்பலேறியதால் அவள் மலையிலிருந்து கடலில் பாய்ந்தாள் என்பது ஊர்க் கதை. அவள் பின்னாளில் மணம் முடித்து வாழ்ந்தாள் என்கின்றன ஆவணங்கள்.

இந்தக் கதையை நான் கேட்ட எல்லா வாயிலும் 'பாய்ந்தாளாம்' தான். ஒருவர்கூட 'பாய்ந்தாள்' என்று சொல்லவில்லை. வெளியூர்க்காரரின் கதைக்கு இந்த ஊர் இரங்கும், சாட்சி சொல்ல வராது. இப்போதைக்கு இது என் ஊகம். மேலும் கேட்க வேண்டும்.

பெப்ரவரி 15

கோட்டை வாசலை எல்லாரும் தாண்டிப் போகிறோம். நின்று வாசித்தவர்கள் கொஞ்சப் பேர். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் பாட்டு இதுதான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். குளக்கோட்டன், கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன்.

மொழி மாணவர் கவனிக்க வேண்டியது சிதைவை. கல்லில் பல எழுத்துகள் இல்லை. இருக்கும் எழுத்துகளை வைத்துக்கொண்டு, இல்லாதவற்றை ஊரில் வழங்கிய பாட்டால் நிரப்பித்தான் வாசித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்கோ பாடபேதங்கள் உண்டு. 'பிரிக்கவே' என்பார் ஒருவர், 'பிரிப்பானே' என்பார் இன்னொருவர். பின்னடிகளில் 'பூனைக்கண், செங்கண், புகைக்கண்' என்று ஒவ்வொரு ஆட்சியாளரையும் கண்ணின் நிறத்தால் சொல்லிப் போவது ஒரு வடிவம். அந்த வரிகளே இல்லாமல் வேறு விதமாக முடிவது இன்னொரு வடிவம். கல் பாட்டைக் காப்பாற்றியதா, பாட்டு கல்லைக் காப்பாற்றியதா என்று ஒரு முழு ஆய்வே செய்யலாம். என் தலைப்பு வேறாகிவிட்டது. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், மனப்பூர்வமாகத் தருகிறேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை எல்லாருக்கும் திறந்தது. ஆனால் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. பாதையை விட்டு விலகிக் கட்டடங்களுக்குள் போகவும் அளவெடுக்கவும் அனுமதிக் கடிதம் வேண்டும். நான் கடிதம் கொடுத்த ஓர் அலுவலகத்தில், கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் பருவமே மாறிவிட்டது. ஆய்வு முன்மொழிவு எழுதும் நாளிலேயே கடிதத்தையும் எழுதிவிடுங்கள்.

பெப்ரவரி 27

கோட்டை மான்களை அறியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். நேற்று என்னோடு வந்த தோழி வினாக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த மான் இரண்டாம் பக்கத்தை மெல்ல உருவி எடுத்துத் தின்றுவிட்டது. 'வீட்டின் உறுப்புகளுக்கு நீங்கள் வழங்கும் பெயர்கள்' என்ற பகுதி முழுவதும் மானின் வயிற்றுக்குள் போய்விட்டது. பக்கத்தில் கடலை விற்ற அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வாயோடு, சின்ன வயதில் இந்தக் கோட்டைக்குள் விறகு பொறுக்க வந்தது, வெள்ளைக்காரர் போன பிறகு வெறுமையாய்க் கிடந்த வீடுகளின் யன்னல்களில் ஏறி விளையாடியது எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். வினாக்கொத்து கையில் இருந்தபோது அவர் 'ஆம், இல்லை' என்பதற்கு மேல் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

தாளைக் கண்டதும் நம் ஆட்கள் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகளாகிவிடுகிறார்கள். 'யன்னல்' என்று நாள் முழுவதும் சொல்கிறவர், தாளைப் பார்த்ததும் 'சாளரம்' என்கிறார். பதிவுக் கருவியும் அப்படித்தான். சமூக மொழியியலில் வில்லியம் லபோவ் 1970களிலேயே இதை எழுதி வைத்தார்: யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், ஆனால் கவனிக்காமல் அதை அறிய வழியில்லை. படித்தபோது பரீட்சைக்கான ஒரு வரியாக இருந்தது. மான் தின்ற பிறகு புரிந்தது.

மார்ச் 11

பெயர்ப்பலகை மாட்டிய வீடுதான் வரலாற்று வீடு என்று எண்ண வேண்டாம். ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் இருந்த இல்லம் இன்று கடற்படை, கடல்சார் வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அழகாகத் திருத்தியிருக்கிறார்கள், கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் அங்கே யாரும் சமைப்பதில்லை, யாரும் சண்டை பிடிப்பதில்லை. ஒரு வீட்டில் பேச்சு இருக்க வேண்டும் என்றால் அடுப்பு எரிய வேண்டும்.

நான் இப்போது போய்வரும் வீடு நகரத்துக்குள், வில்லூன்றிக் கந்தசுவாமி கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. உரியவர்கள் விரும்பாததால் தெருவைச் சொல்ல மாட்டேன். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். யன்னல் படியில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு தடிப்பு. முன்னே நீளமான விறாந்தை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். கதவுகள் முதிரை மரம். வீட்டுக்குரிய ஆச்சிக்கு எண்பத்து நான்கு வயது.

போன கிழமை கூரை திருத்த ஒரு தச்சு வேலைக்காரரை ஆச்சி வரவழைத்திருந்தார். பாலையூற்றில் இருந்து வந்த, போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் சமூகத்துப் பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். ஆச்சிக்கு அவர் 'தம்பி'. அவருக்கு ஆச்சி 'அம்மா'. எனக்கு அவர் 'அங்கிள்'. ஓடுகளை இறக்கி வைத்துவிட்டு இருவரும் கூரைக்குக் கீழே நின்று பேசிய அரை மணி நேரம், நான் இந்த ஆண்டில் பதிந்தவற்றிலேயே விலை மதிக்க முடியாதது. (தீராந்தி கூரையின் குறுக்கு உத்தரம், கைமரம் கூரையில் சாய்த்து வைக்கும் மரம், சிலாகை ஓட்டைத் தாங்கும் சட்டம், பீலி கூரைத் தண்ணீர் ஓடும் வழி.) 

"அம்மா, இந்தத் தீராந்தி இன்னும் உங்கள் பேரப்பிள்ளை காலத்துக்கும் நிற்கும். சிலாகைதான் உக்கிவிட்டது. பீலித் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது."

"முன்பக்கத்துக் கைமரத்தைப் பார்த்தாயா தம்பி? எங்கள் அப்பு அதைக் கந்தளாய்க் காட்டில் இருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்."

ஆச்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கிள் ஒரு சிலாகையை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளியே திடமாக இருந்தது உள்ளே மாவாகிக் கொட்டியது. கறையான் இல்லை, உப்புக் காற்று என்றார். பிறகு தொலைபேசி அடித்தது. அங்கிள் அதை எடுத்து வேறொரு மொழியில் பேசத் தொடங்கினார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மார்ச் 12

கந்தளாய்க் கைமரம் பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. ஆச்சியின் அப்பு மரம் கொண்டுவந்தது ஆச்சி பிறப்பதற்கு முன். இருந்தும் 'கொண்டு வந்தார்' என்றார், 'கொண்டு வந்தாராம்' என்று சொல்லவில்லை. பெப்ரவரி 6 குறிப்போடு சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 20

மட்டக்களப்பில் இருந்து ஒருவர்: "ஒல்லாந்தர் கட்டிய வீடு என்றால் உள்ளே இருக்கும் பொருள்களுக்கும் ஒல்லாந்தப் பெயர்தானே இருக்க வேண்டும்?"

இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆச்சி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கதிரை, மேசை, வாங்கு, யன்னல், அலுமாரி, குசினி. எல்லாம் போர்த்துக்கேயம். கூரையில் நிற்கும் தீராந்தியும் போர்த்துக்கேயம். ஒல்லாந்தம் எங்கே என்று தேடினால் அலுமாரியைத் திறந்து லாச்சியை இழுக்க வேண்டும். லாச்சி ஒல்லாந்தம். லாச்சிக்குள் இருக்கும் காணி உறுதியை எழுதிய நொத்தாரிசு ஒல்லாந்தம். அவர் இருந்த கந்தோர், அதாவது அலுவலகம், ஒல்லாந்தம். வளவின் மூலையில் இருக்கும் கக்கூசும் ஒல்லாந்தம்.

இத்தனைக்கும் திருகோணமலையைப் போர்த்துக்கேயர் கோட்டை கட்டி ஆண்டது 1624 முதல் 1639 வரை, பதினைந்தே ஆண்டுகள். ஒல்லாந்தர் இடையில் விட்டும் பிடித்தும் 1795 வரை இருந்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் இருந்தவன் லாச்சியோடு நின்றுவிட்டான். பதினைந்து ஆண்டு இருந்தவன் வீடு முழுவதும் உட்கார்ந்திருக்கிறான்.

காரணம் ஒல்லாந்தரின் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்கள் கந்தோரில் ஒல்லாந்தம் எழுதினார்கள். வீட்டில் மனைவிமாரும் பிள்ளைகளை வளர்த்த தாதிகளும் அடிமைகளும் பேசியது கரையோரம் எங்கும் ஓடிய கலப்புப் போர்த்துக்கேயம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி அதை ஒழிக்கச் சட்டம் போட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. குழந்தை எந்த மொழியில் கதிரையில் ஏறி உட்காரப் பழகியதோ அந்த மொழியின் கதிரைதான் நிலைத்தது. வெறும் போர்த்துக்கேயர் ஆட்சிக் காலத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இது விளங்காது. யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பு என்று மற்ற இடங்களில் இருந்து வந்த சொற்களும் இதில் கலந்திருக்கும். அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லாச்சி மட்டும் தனிப் பயணம் போயிருக்கிறது. இந்தோனேசியாவிலும் 'லாச்சி' தான். அவர்களும் கந்தோரைக் 'கந்தோர்' என்கிறார்கள். சிங்களத்திலும் 'லாச்சுவ', 'கந்தோருவ'. கொம்பனிக் கப்பல் போன துறைமுகமெல்லாம் அலுமாரியும் அலுவலகமும் கூடவே போயிருக்கின்றன.

மார்ச் 21

சென்னையில் இருந்து ஒரு வாசகர் 'சாவி'யைச் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்க மாட்டேன். ஆச்சி அலுமாரியைத் திறப்பது திறப்பால். சாவி என்ற போர்த்துக்கேயச் சொல்லை உங்கள் கரையில் வைத்துக்கொண்டீர்கள். கோட்டை கட்டி எங்களைப் பூட்டியவர்களின் சாவியை நாங்கள் வாங்கவில்லை.

ஏப்ரல் 3

பாலையூற்று.

அங்கிள் அன்று தொலைபேசியில் பேசியது அந்தக் கலப்புப் போர்த்துக்கேயம்தான். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சமூகத்துப் பெரியவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். தச்சு, கொல்லு வேலைகள் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்தவை. எங்கள் வீடுகளின் கதவையும் கூரையையும் செய்த கைகள் அவர்களுடையவை. அப்படியிருந்தும் பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிற எவரும் பாலையூற்றுக்குப் போவதில்லை. கல்லறைகளுக்குப் போகிறார்கள். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, 1852இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின், திருகோணமலையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்தக் கல்லைத் தேடி உலகின் மறு கோடியில் இருந்து வருகிறார்கள். உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு மொழியைக் கேட்க, சில கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் நாம் போவதில்லை. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. மறைக்கவில்லை.

அங்கிளின் அக்கா வீட்டில் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தேன். தேநீர் வந்தது, வயலின் வந்தது, பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டே கப்ரிஞ்ஞா ஆடிக் காட்டினார்கள். சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் வாக்கியத்தின் நடை விளங்கியது. வினை கடைசியில் வருகிறது. போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பாரா' என்ற சொல் இங்கே தேய்ந்து, நம்முடைய 'கு' உருபைப் போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. சொற்கள் லிஸ்பனில் இருந்து வந்தவை, அவற்றை அடுக்கிய ஒழுங்கு நம்முடையது. இயன் சிமித் என்ற மொழியியலாளர் 1970களில் மட்டக்களப்பில் தங்கி இதை ஆராய்ந்தார். இதைத் தமிழ்த் துறை மாணவர்கள் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும். தமிழ் இன்னொரு மொழிக்குள் போய் என்ன செய்தது என்பதை நம்மைவிட யார் எளிதாகக் கேட்டுணர முடியும்?

அக்காவின் பேரப்பிள்ளைகள் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். பாட்டியின் மொழியில் பாட்டு மட்டும் தெரியும்.

ஏப்ரல் 4

"நீங்கள் வீட்டில் இருந்து எங்கேயோ போய்விட்டீர்கள்." போகவில்லை. தீராந்தியைச் செவ்வையாக்கிய கையைத் தேடிப் போனேன். அதுவும் வீடுதான்.

மே 2

தங்கச்சி பதிவுக் கருவி பற்றிக் கேட்டிருக்கிறார். விலை கூடியது தேவையில்லை. கைத்தொலைபேசி போதும். ஆனால் சுருக்கிய கோப்பாகப் பதியாமல் வேவ் (WAV) வடிவில் பதியுங்கள். பின்னாளில் ஒலியை ஆராயும்போது அருமை தெரியும். காற்றாடியை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த ஊரில் காகத்தை நிறுத்த முடியாது, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாளையும் இடத்தையும் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சம்மதத்தைப் படிவத்தில் கையொப்பமாக மட்டும் வாங்காமல் பேச்சாகவும் வாங்குங்கள். என்ன செய்யப் போகிறோம், யார் கேட்பார்கள் என்பதை அவர்களுக்கு விளங்கும் பேச்சில் சொல்ல வேண்டும். ஆச்சி ஒரு தடவை பதிவை நிறுத்தச் சொன்னார். காணிப் பிணக்கு ஒன்றைப் பற்றிய பேச்சு. நிறுத்தினேன். அதற்கு முன் பதிவாகியிருந்த சில நிமிடங்களையும் அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் எதிரிலேயே அழித்தேன். அதன் பிறகுதான் லாச்சியைத் திறந்து உறுதிகளைக் காட்டினார். எல்லைகள், கிணறு, வான்பயிர் என்று நீளும் அந்த உறுதி நடையை அவர் ராகத்தோடு வாசித்தார். அப்பு வாசித்த ராகமாம். இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் 'ஆம்' போட்டார். கேட்டதில்லை, அம்மா சொன்னது என்றார்.

யூன் 14

'ஆம்' பற்றி இப்போது இன்னும் கொஞ்சம் துலக்கமாகச் சொல்லலாம். பெப்ரவரியில் ஊர்க் கதைக்கும் வெளியூர்க் கதைக்கும் இடையில் கோடு போட்டிருந்தேன். ஆச்சியின் பதிவுகளை எழுத்துப்படுத்தி முடித்த பிறகு அந்தக் கோட்டை வேறு இடத்தில் போடத் தோன்றுகிறது.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. ஆச்சி அப்போது கைக்குழந்தை. அந்தக் காலையை அவர் சொல்லும்போது 'ஆம்' இல்லை. "சுவர் குலுங்கியது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் ஓடினா." நினைவில் இருக்க முடியாத காட்சி, ஆனாலும் அது அவருடையது. உறுதி வாசித்த ராகமும் அவருடைய அப்புவினுடையதுதான், அதற்கு 'ஆம்' போட்டார். ஆகவே சொந்தம், அந்நியம் என்பதோடு இது முடியவில்லை.

எனக்கு இப்போது படுவது இது. யாராவது மறுத்தால் எதற்குச் சாட்சி சொல்லி நிற்பாரோ, அதற்கு 'ஆம்' போடுவதில்லை. கோயில் இடிந்ததற்கு ஊர் நிற்கும். குண்டு விழுந்ததற்கு, சுவரில் இன்றும் இருக்கும் வெடிப்பைக் காட்டி ஆச்சி நிற்பார். கைமரத்துக்கு அந்தக் கைமரமே கூரையில் நிற்கிறது. ராகத்துக்குக் காட்ட ஒன்றும் இல்லை, காற்றோடு போய்விட்டது. வெல்லெஸ்லியின் காய்ச்சலுக்காகவும் பிரான்சினாவின் காதலுக்காகவும் யார் நிற்பார்கள்?

இது சரியென்றால், ஒரு பழைய வீடு இடிபடும்போது ஒரு குடும்பத்தின் வினைமுற்றுகள் மாறிவிடும். வீடு இருக்கும் வரை 'கொண்டு வந்தார்'. வீடு போன பிறகு பேரப்பிள்ளைகளின் வாயில் 'கொண்டு வந்தாராம்'. இதைச் சோதிக்க வேண்டும். போரிலும் 2004 சுனாமியிலும் வீடு இழந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எவ்வளவோ இருக்கின்றன. மூதூர்ப் பக்கம் சிலரோடு பேசத் தொடங்கியிருக்கிறேன். அவர்கள் இழந்ததை என் ஆய்வுக்குச் சான்றாக்குகிறேனோ என்ற உறுத்தலும் இருக்கிறது. அதனால் மெதுவாகத்தான் போகிறேன். வீட்டைப் பற்றி நானாகக் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்கிறேன்.

யூன் 15

'அப்படியென்றால் ராமாயணத்தையும் ஆம் இல்லாமல்தானே சொல்கிறோம்' என்று மறுத்தவருக்கு: நல்ல கேள்வி. கதாப்பிரசங்க நடையும் வீட்டுப் பேச்சும் வேறு வேறு. மேடையில் சொல்கிறவர் தன் சாட்சியைத் தருவதில்லை, கதை தன் பாட்டில் நடக்கிறது. என் தரவு முழுவதும் வீட்டுப் பேச்சு. ஆனால் கோட்டை வாசல் சாரதி எந்த நடையில் பேசினார்? நாள்தோறும் பயணிகளுக்குச் சொல்லிச் சொல்லி அது பாதி மேடையாகியிருக்கும். அவரை ஒரு தேநீர்க் கடையில் உட்கார வைத்து, பயணிகள் இல்லாதபோது அதே கதையைக் கேட்க வேண்டும். குறித்துக்கொண்டேன்.

யூலை 8

தங்கச்சி தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். உவர்மலையில் அவருடைய பெரியம்மாவின் வீடு. கோட்டைக்குள் தேடியது சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் கிடைத்திருக்கிறது. பெரியம்மா பேசும்போது குறுக்கே பேசாதீர்கள், தெரிந்த கதை என்று தலையாட்டாதீர்கள். தெரிந்த கதையைத்தான் நாம் சரியாகக் கேட்பதில்லை.

பதிவுகளை இங்கே ஏற்றச் சொல்லிப் பலர் கேட்கிறீர்கள். ஏற்ற மாட்டேன். ஆச்சியும் அங்கிளும் படிப்புக்கு என்று சொல்லித் தந்தவை. நேரில் வந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுக் கேட்க வைக்கிறேன்.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். தீராந்தி, சிலாகை, பீலி, பிணைச்சல் (கதவுக் கீல்) ஆகிய சொற்கள் மன்னாரிலும் நீர்கொழும்பிலும் தச்சு வேலை செய்கிறவர்களிடம் இப்போது வழங்குகின்றனவா? வேறு சொல் வழங்கினால் அதை அப்படியே, உச்சரிக்கிறபடி எழுதுங்கள். சொன்னவரின் வயதையும், தொழிலை யாரிடம் பழகினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் வேண்டாம்.